வெயிலை விடுங்கோ தம்பி, ஈரத்துக்குப் பயப்படுங்கோ

தம்பி, கொக்குவிலிலயிருந்து நீங்கள் எழுதினதை இரண்டு தரம் வாசிச்சன். ஓகஸ்ட் கடைசியில மனுசியோடையும் நாலு வயசுப் பிள்ளையோடையும் சவூதிக்கு வெளிக்கிடுறீங்கள். துவாலில இருக்கிற மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில, அதுதான் நாங்கள் கௌஸ்ட் எண்டு சொல்லுறது, ஆய்வுகூட வேலை. என்ன சாமான் கட்டுறது, சம்பளத்தில எவ்வளவு மிஞ்சும், பள்ளிக்கூடம் எப்பிடி எண்டெல்லாம் கேட்டிருக்கிறீங்கள். நடுவில ஒரு வசனம் எழுதியிருக்கிறீங்கள்: "யாழ்ப்பாணத்து வெயிலில வளர்ந்தனாங்கள், பாலைவனம் எங்களுக்குப் பெரிய விசயமா இராது." அந்த வசனத்துக்காகத்தான் இந்த நீளமான பதில். எங்கட ஆக்கள் முக்கால்வாசிப்பேரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் வந்து இறங்குறவை. நானும் அப்பிடித்தான்.

துவால் பாலைவனம்தான், ஆனால் செங்கடற்கரைப் பாலைவனம். ஜித்தாவிலயிருந்து வடக்கை 80 கிலோமீற்றர். றியாத்தில இருக்கிற காய்ஞ்ச வெக்கை துவாலில இல்லை. ஓகஸ்டிலயும் செப்ரெம்பரிலயும் பகல் 38, 40 பாகை; இரவிலயும் 28க்குக் கீழை இறங்குறது குறைவு. ஜித்தாவில 2010 ஜூன் 22ஆம் திகதி 52 பாகை பதிஞ்சது எண்டு சொல்லிச் சொல்லிப் பயப்படுத்துவினம். அது தரைப்பக்கத்துச் சுடுகாத்து அடிச்ச நாள். அப்பிடியான நாளில வேர்வை உடனை காயும், நிழலில நிண்டால் சமாளிக்கலாம். ஆளை விழுத்துறது 38 பாகையும் கடல் ஈரமும் சேர்ந்த சாதாரண நாள்தான். வேர்வை ஓடும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்த்தாது. ஊரில சித்திரை வெக்கைக்குப் பிறகு சோளகக் காத்து கிளம்பினால் யன்னலைத் திறந்துவிட்டுப் படுப்பம். அங்கை பின்னேரக் கடற்காத்து வந்தால் ஈரம் இன்னும் கூடும். அந்த நேரத்தில யன்னலைத் திறக்கிறதுதான் முதல் பிழை.

இரண்டாவது பிழை ஏசியை 18இல வைக்கிறது. வீடு அப்பிடிக் குளிர்ந்தால் சுவர், கண்ணாடி, அலுமாரியின்ர பின்பக்கம் எல்லாம் குளிரும். கதவு திறக்கிற ஒவ்வொரு தரமும் உள்ளை வாற ஈரக்காத்து அதிலபட்டுத் தண்ணியாகும். மூண்டு கிழமையில அலுமாரிக்குப் பின்னால கறுப்புப் புள்ளி வரும், பேந்து சப்பாத்து, தோல் பை, சேலை மடிப்பு எல்லாத்திலயும் பங்கசு. 24, 25இல வையுங்கோ. வெளிச்சுவரோட அலுமாரியை ஒட்டி வைக்காதையுங்கோ, ஒரு கைநீளம் இல்லாட்டியும் நாலு விரல் இடமாவது விடுங்கோ. துவாயை அறைக்குள்ளை காயப்போட வேண்டாம். ஏசியின்ர வடியை, அதுதான் தூசு மறிக்கிற பில்டரை, இரண்டு கிழமைக்கு ஒருக்கா இழுத்தெடுத்து, சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, நிழலில நல்லாக் காயவைச்சுப் பூட்டுங்கோ. தூசிக்காத்து அடிச்ச அடுத்த நாள் தவணை பார்க்காமல் கழுவத்தான் வேணும். அங்கத்தைத் தூசு மா மாதிரி. அது வடியில ஈரத்தோட சேர்ந்தால் களியாகிக் காத்தை மறிக்கும். காத்து மறிஞ்சால் உள்ளுக்குள்ளை பனி கட்டும், நீங்கள் ஏசி பழுதெண்டு நினைப்பீங்கள். கூரைமூலையில மஞ்சளாய் ஈரவட்டம் தெரிஞ்சால் தண்ணி வடியிற குழாய் பாசி அடைச்சிட்டுது எண்டு அர்த்தம். அண்டைக்கே பராமரிப்புக்காரருக்கு அறிவியுங்கோ, பிந்தினால் கூரைப்பலகை ஊறி விழும்.

எனக்குத் தீராத மனவருத்தம் ஒண்டு இருக்கு. ஜூலை விடுமுறைக்கு ஊருக்குப் போறவை ஏசியை முற்றா நிப்பாட்டிப்போட்டுப் போவினம். புதுசா வாறவைக்கும் அதையே புத்தியாச் சொல்லுவினம். ஒரு மாதம் கழிச்சு வந்து கதவைத் திறந்தால் மெத்தை, புத்தகம், பிள்ளையின்ர விளையாட்டுச் சாமான் எல்லாம் பூத்துப்போய்க் கிடக்கும். போகேக்க 27இல விட்டு, அலுமாரிக் கதவெல்லாத்தையும் திறந்துவைச்சிட்டுப் போங்கோ. பட்டச் சான்றிதழ், பிறப்புப் பதிவு, காணி உறுதி எல்லாம் காத்துப் போகாத பையில, ஈரம் உறிஞ்சிற சிலிக்கா பக்கற்றோட இருக்கட்டும்.

சான்றிதழ் எண்டதும் இதைச் சொல்லவேணும். விவாகப் பதிவையும் பிள்ளையின்ர பிறப்புப் பதிவையும் மொழிபெயர்க்கக் குடுக்கேக்க கடவுச்சீட்டைக் கையில கொண்டு போங்கோ. எங்கட பெயரில தேப்பன் பெயர் முன்னுக்கு வரும், கடவுச்சீட்டில வேறை மாதிரிப் பிரிஞ்சிருக்கும், ஆங்கில எழுத்து ஒவ்வொரு பத்திரத்திலயும் ஒவ்வொரு விதம். ஒரு எழுத்து மாறினாலும் குடும்ப விசா இழுபடும். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்து, பிறகு வெளிவிவகார அமைச்சின்ர கொன்சியூலர் உறுதிப்படுத்தலை எடுங்கோ. அதுக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கச்சேரியில, அதுதான் மாவட்டச் செயலகத்தில, பிராந்திய அலுவலகம் இருக்கு. சவூதித் தூதரக அலுவல்தான் கொழும்பில. வேலைக்குப் போறதால வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியாமல் வெளிக்கிடவே வேண்டாம்.

இனிப் பெட்டி. அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் மாவெல்லாம் காவாதையுங்கோ. ஜித்தாவில ஷரபிய்யாப் பக்கம் மலையாளிகளின்ர கடையள் நிறைய. கேரளத்து மட்டா அரிசி, உறையவைச்ச தேங்காய்ப்பூ, கறிவேப்பிலை எல்லாம் எடுக்கலாம். அங்கை கிடைக்காதது எங்கட வறுத்த தூள். கடையில விக்கிற மிளகாய்த்தூள் நிறம் தரும், உறைப்புத் தராது. அதால ஊரிலயே இடிப்பிச்சுக் கொண்டு வாங்கோ. இரண்டு பெரியாக்களுக்கும் ஒரு சின்னனுக்கும் மாதம் அரைக் கிலோ எண்டு கணக்குப் பாருங்கோ. ஆறு மாதத்துக்கு மூண்டு கிலோ காணும், அதுக்கு மேலை கொண்டுவந்தால் வாசம் போயிடும். கால் கிலோ பக்கற்றுகளாக் கட்டி, ஒண்டை வெளியில வைச்சு மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியின்ர உறைபகுதியில போடுங்கோ. உறைபகுதியிலயிருந்து எடுத்த உடனை பக்கற்றைத் திறக்காதையுங்கோ. அறைச்சூட்டுக்கு வரமுன்னம் திறந்தால் ஈரம் இறங்கித் தூள் கட்டிபட்டுப்போம். அங்கை போய்ச் செத்தல் மிளகாய் வறுக்கலாம் எண்டு மட்டும் நினைக்கவேண்டாம். பூட்டின வீட்டில அந்தக் காரம் ஏசி வழியா எல்லா அறைக்கும் போகும், புகை அறிவிப்பான் அலறும். தாளிக்கிறதும் சாம்பிராணி போடுறதும் கூட அப்பிடித்தான். புகைபோக்கியைப் போட்டு, குசினிக் கதவைச் சாத்திப்போட்டுத் தாளியுங்கோ.

அடிவளைஞ்ச தாச்சி தட்டை மின் அடுப்பில சூடேறாது, தட்டை அடியானதை வாங்குங்கோ. இடியப்ப உரலும் தட்டும் கட்டாயம். பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி இரண்டு கொண்டு வாங்கோ, பாரமில்லாத சாமான். ஆனால் அவிச்ச பிறகு கழுவிக் குசினிக்குள்ளை கவிட்டு வைச்சால் பனையோலை மடிப்புக்குள்ளை ஈரம் நிண்டு, ஒரு கிழமையில பச்சைப் பூஞ்சணம் கட்டும். வெளியில அரை மணித்தியாலம் வெயிலில வைச்சு, ஓலை கையில சரசரக்கிற பதத்துக்கு வந்தபிறகு எடுத்து வையுங்கோ. கிறைண்டர், மிக்ஸி கொண்டுவாற எண்ணம் இருந்தால் அடியில ஒட்டியிருக்கிற தாளைப் பாருங்கோ. ஊர் மின்சாரம் 50 ஹேட்ஸ், சவூதியில 60. வெறும் 50 எண்டு போட்ட மோட்டர் அங்கை ஐந்திலொரு பங்கு வேகமா ஓடும், சத்தம் கூடும், மாவு சூடாகும். 50/60 எண்டு இருந்தால் பயமில்லை.

இனிச் சொல்லப்போறதை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. கசகசா ஒரு தேக்கரண்டியும் வேண்டாம். சவூதியில அது போதைப்பொருள் கணக்கு. பிரியாணித்தூள், குருமாத்தூள் பக்கற்றில என்னென்ன சேர்ந்திருக்கெண்டு வாசியுங்கோ, சாதிக்காயையும் தனியாக் கொண்டு வராதையுங்கோ. பெயர் ஒட்டாத லேகியம் வேண்டவே வேண்டாம். எங்கட நாட்டு மருந்தில கஞ்சா சேர்ந்த மதனமோதகம் மாதிரியானதுகளும் இருக்கு, விமானநிலையத்தில நிண்டு விளங்கப்படுத்த ஏலாது. கொடீன், ட்ரமடோல், பிரிகபலின் இருக்கிற மருந்து பாவிக்கிறதெண்டால் டொக்டரின்ர கடிதத்தோட முன்கூட்டியே அனுமதி எடுக்கவேணும். ஒடியல்மாவை வீட்டில கட்டின வெள்ளைப் பொலித்தீன் பையில கொண்டு வராமல், பனை அபிவிருத்திச் சபையின்ர கற்பகம் கடையில பெயர் அச்சடிச்ச பக்கற்றா வாங்குங்கோ. சாமிப்படம் பேர்சுக்குள்ளை அடங்கிற அளவு போதும். பொது இடத்தில வேறை மத வழிபாட்டுக்கு இடமில்லை, வீட்டுக்குள்ளை அமைதியா விளக்கு வையுங்கோ.

வெளியில நடமாட்டத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கு. ஜூன் 15 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரைக்கும் பகல் 12 மணியிலயிருந்து 3 மணி மட்டும் தொழிலாளரை நேர் வெயிலில வேலை வாங்கக்கூடாதெண்டு சவூதியில விதி. அந்த மூண்டு மணித்தியாலமும் பிள்ளையை வெளியில விடாதையுங்கோ. வளாகத்துக்குள்ளை சைக்கிள்தான் வசதி, ஆனால் உப்புக்காத்து செயினைத் தின்னும். கிழமைக்கு ஒருக்கா நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, எண்ணெய் விடுங்கோ. ரயர் வெயிலில வெடிக்கும், நிழலில நிப்பாட்டுங்கோ. அங்கை வலப்பக்கம் ஓடவேணும், சுற்றுவட்டத்தில இடப்பக்கம் பார்க்கவேணும். ஊர்ப்பழக்கத்தில வலப்பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குறதுதான் புதுசா வாறவையின்ர விபத்துக்குக் காரணம். கடலில இறங்கேக்க அடி தடிச்ச சப்பாத்துப் போடுங்கோ, பவளப்பாறையில கல்லு மாதிரிக் கிடக்கிற மீனுக்கு முதுகில நஞ்சுமுள் இருக்கு. மழை வருசத்தில சில நாள்தான். அந்தச் சில நாளில வாடி எண்டு சொல்லுற காய்ஞ்ச ஆத்துப் பள்ளத்துக்குள்ளை கார் விடாதையுங்கோ. 2009 நவம்பர் 25ஆம் திகதி ஜித்தா வெள்ளத்தில நூறுக்கு மேற்பட்ட ஆக்கள் செத்தது நாலைஞ்சு மணித்தியால மழையில.

சம்பளத்தில எவ்வளவு மிஞ்சும் எண்டதை உங்கட நியமனக் கடிதத்தைப் பார்த்து நீங்களே கணக்குப் போடலாம், அதை விடுறன். பள்ளிக்கூடம் வளாகத்துக்குள்ளையே இருக்கு, ஆங்கிலத்தில படிப்பு, அதில யோசிக்க ஒண்டுமில்லை. யோசிக்கவேண்டியது வேறை. வீடு, பள்ளிக்கூடம், வைத்தியம், இகாமா எண்டு சொல்லுற வதிவிட அனுமதி எல்லாம் ஒரு வேலையில தொங்குது. வேலை முடிஞ்சால் எல்லாம் ஒரேயடியா முடியும். அங்கை பத்து வருசம் இருந்தாலும் ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடைதான்: முதல் ஐஞ்சு வருசத்துக்கு வருசத்துக்கு அரைமாதச் சம்பளம், பிறகு வருசத்துக்கு ஒரு மாதம். நீங்களாக விலகினால் இரண்டு வருசத்துக்குள்ளை ஒண்டுமில்லை, ஐஞ்சுக்குள்ளை மூண்டிலொண்டு, பத்துக்குள்ளை மூண்டிலிரண்டு. குடும்பத்து ஆளுக்கு மாதம் 400 ரியால் கட்டணம் எண்டொரு சட்டம் இருக்கு. உங்கட விசயத்தில அது பொருந்துமா, பொருந்தினால் ஆர் கட்டுறது எண்டு கையெழுத்து வைக்கமுன்னம் எழுத்தில கேளுங்கோ. ஊருக்குக் காசு வங்கியால அனுப்புங்கோ. உண்டியலில, அதுதான் வங்கிக்கு வெளியால கைமாத்தி அனுப்புறதில, இரண்டு ரூபா கூடக் கிடைக்கும் எண்டு ஆசை காட்டுவினம். பிறகு காணி வாங்கேக்க காசு வந்த வழிக்குத் துண்டு இராது.

ஆக்களைப் பற்றியும் ஒரு சொல். வளாகத்தில புல்லு வெட்டுறவை, கூட்டுறவை, பஸ் ஓட்டுறவையில தமிழ் கதைக்கிற ஆக்கள் கனபேர், மட்டக்களப்பும் தமிழ்நாடும். படிச்ச எங்கட ஆக்களில சிலர் அவைக்கு முன்னால ஆங்கிலம் கதைச்சுக்கொண்டு போவினம். அது எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாது. "அண்ணை, எப்பிடி?" எண்டு கேட்டுக் கதையுங்கோ. எந்தக் கடையில எந்த நாள் முருங்கைக்காய் வருது, துவால் மீன்பிடித்துறையில எப்ப படகு வந்து சேரும் எண்டு அவைக்குத்தான் தெரியும். அங்கை ஷூர் எண்டு விக்கிறது எங்கட விளைமீன் இனம். சொதிக்கும் தீயலுக்கும் நல்லாப் பொருந்தும்.

நாடு இப்ப எவ்வளவோ மாறியிட்டுது. வளாகம் 2009 செப்ரெம்பரில திறந்த காலத்தில வார விடுமுறை வியாழனும் வெள்ளியும். 2013இலதான் வெள்ளி, சனியாச்சு. அப்ப தொழுகை நேரத்தில ஜித்தாவில கடை பூட்டினால் கையில பையோட வாசலில நிக்கவேண்டியிருந்தது. பொம்பிளையள் வளாகத்துக்குள்ளை கார் ஓடலாம், வெளி வாசல் வந்தால் இறங்கி இடம் மாறவேணும். அது 2018 ஜூன் மட்டும் இருந்தது. தேங்காய்ப்பூவுக்கும் கறிவேப்பிலைக்கும் 80 கிலோமீற்றர் பஸ்ஸில போய்வந்த அந்தக் காலத்தில ஒரு சாடிக் கறிவேப்பிலை இருக்கிற வீடுதான் எல்லாருக்கும் சொந்தக்கார வீடு.

கன்று கொண்டு வராதையுங்கோ, மண்ணோட வாற செடியை விமானநிலையத்தில பறிச்செறிவினம். வந்தபிறகு பழைய ஆக்களிட்டை அடிக்கன்று ஒண்டு கேட்டு, முழ அகலச் சாடியில நடுங்கோ. வெறும் அங்கத்தை மண்ணில நட்டால் மண்ணின்ர காரத்தன்மை கூடி, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும். இரும்புச் சத்துப் போதாததுதான் காரணம். பையில விக்கிற கலவை மண் வாங்கிப் போட்டு, மாதத்துக்கு இரண்டு தரம் புளிச்ச மோரைத் தண்ணியாக் கரைச்சு ஊத்துங்கோ. காலமை வெயில் படட்டும், பத்தரைக்குப் பிறகு நிழலுக்கு இழுத்து வையுங்கோ. மார்கழியில துளிர்விடத் தொடங்கும்.