மே மாதத்துச் சேறு

அன்புள்ள ஐயா,

கடலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் முதலாண்டு படிக்கிறேன். கோடை விடுமுறைக்கு இரண்டு இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் யானை ஆய்வு. ஸ்டைபண்ட் கிடையாது, தங்குவதற்கு நாமே பணம் கட்ட வேண்டும். இன்னொன்று பிச்சாவரம் அலையாத்திக் காட்டில், மாதம் ஒன்பதாயிரம். ஆனால் இரண்டு மாதமும் சேற்றில் உப்பு அளக்கிற வேலைதானாம். ஆமை, பறவை எதுவும் இல்லை. எது என் எதிர்காலத்துக்கு நல்லது? காசுக்காகச் சேவையை விடுகிறேனோ என்றும் உறுத்துகிறது.

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த உறுத்தலைத் தூக்கிப் போடுங்கள். வெயிலில் நிற்கவைத்துத் தரவு வாங்கிக்கொண்டு, நிற்கிறவனிடமே தங்கும் காசும் கேட்பதற்குப் பெயர் சேவையா? வீட்டிலிருந்து பணம் வருகிற பிள்ளைகள்தான் அப்படி இரண்டு மாதம் இருக்க முடியும். தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை விண்ணப்பமே போடாது. அப்புறம் உள்ளூர்க்காரர்களுக்கு இயற்கைமேல் அக்கறையில்லை என்று கருத்தரங்கில் பேசுவார்கள். கூசாமல் பணம் கேளுங்கள் தம்பி. படகுச் செலவும் பஸ் காசும் அந்த ஒன்பதாயிரத்துக்குள்ளா வெளியிலா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

எதிர்காலத்துக்கு ஜோசியம் எனக்குத் தெரியாது. யானை இருக்கட்டும்.

"ஆமை, பறவை எதுவும் இல்லை" என்று எழுதினீர்களே, அதைத்தான் விட மனமில்லை. விலங்கியல் படிக்கிறவர் எழுதுகிற வரியா இது? பங்குனி ஆமை நம் கரையில் ஏறுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. முட்டை பொரிய 45 முதல் 60 நாள். மே பாதியில் பொரிப்பகத்தில் பெரும்பாலும் வெறும் மணல்தான் இருக்கும். ஊசுட்டேரிக்கும் கழுவேலிக்கும் வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை அதற்குள் கிளம்பியிருக்கும். கல்லூரி விடுமுறையைப் பார்த்து அவை வருவதில்லை.

மே மாதத்தில் இருப்பது உப்பு. பிச்சாவரத்தில் முன்பு காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு காய்ந்து நிலம் தாழ்ந்தது. கடல் ஏற்றத்தில் வந்த நீர் வற்றத்தில் இறங்க வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுப்போனது. உப்பைத் தாங்குகிற வெண்கண்டல் மரமே அங்கு தலையெடுக்கவில்லை. 1990களில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள். ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் நீர், உள்ளே போய்த் திரும்பியது, கன்று பிடித்தது. படம் எடுக்கிறவர்கள் கன்றைத்தான் எடுக்கிறார்கள். வாய்க்கால் வாயில் வண்டல் படிந்தால் பழைய கதைதான். மழைக்காலத்தில் எல்லாம் நன்னீரில் மூழ்கிவிடும், தூர்ந்தது தெரியாது. வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நீர் வராத மே மாதம் காட்டிக்கொடுக்கும். தூர்வாருவதென்றால் அந்த அளவை வைத்துத்தான் மழைக்குமுன் இடம் குறிக்க முடியும்.

அளப்பதும் எளிதல்ல. மேலே தேங்கிய நீரை மொண்டு, சொட்டு நீரில் உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் நேற்றைய ஓதத்தைத்தான் அளப்பீர்கள். வேர் குடிப்பது சேற்றுக்குள் இருக்கும் நீரை. ஒரு முழ ஆழம் குழி தோண்டி, முதலில் ஊறுவதைச் சிரிஞ்சால் உறிஞ்சிக் கொட்டிவிட்டு, மறுபடி ஊறியதை வடிகட்டிச் சொட்டு விடுங்கள். கலங்கலாக விட்டால் கருவிக்குள் அளவு காட்டும் கோடு மங்கும். காலையில் காய்ச்சி வடித்த நீரில் பூஜ்யம் சரிபாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் கண்ணாடியைக் கழுவித் துடைக்காவிட்டால் முந்தைய குழியின் உப்பு அடுத்த குழிக்கு ஏறும். கடல்நீரில் உப்பு ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு. கருவியின் அளவு பெரும்பாலும் 100 வரைதான். தாண்டினால் அதே எடை வடிநீர் கலந்து அளந்து இரட்டியுங்கள். மணியோடு ஏற்றமா வற்றமா என்றும், அமாவாசை பௌர்ணமிக்கு எத்தனை நாள் என்றும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரையலாம். இந்த ஒரு பத்தி தெரியாமல் எழுதப்பட்ட திட்ட அறிக்கைகள் ஏராளம்.

சேருமுன் ஒன்று. அது காப்புக்காடு. வனத்துறை அனுமதிக் கடிதம் வந்துவிட்டதா, அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நகல் கேட்டுப் பாருங்கள். "வந்துவிடும்" என்றால், மே முழுக்க ஆபீஸில் எக்செல் தட்டச்சுதான்.