கட்டைவிரல் புடைப்பும் முன்பாத வலியும்: சிறுதுளை அறுவைச் சிகிச்சை எனக்குப் பொருந்துமா?

கேள்வி: நான் 54 வயது பள்ளி ஆசிரியை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரு கால்களிலும் கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்து, விரல் பக்கத்து விரலை நோக்கிச் சாய்ந்துள்ளது. ஓராண்டாக வலது பாதத்தில் இரண்டாவது விரலுக்குக் கீழே, கூழாங்கல்லை மிதிப்பது போல் வலிக்கிறது. அங்கே தோலும் காய்த்திருக்கிறது. லேசர் மூலம் தழும்பில்லாமல் சரிசெய்து, மறுநாளே நடக்கலாம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: வலி புடைப்பில் இல்லை, இரண்டாவது விரலுக்குக் கீழே இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் முக்கியமான செய்தி. நடக்கும்போது உடலை முன்னோக்கி உந்தும் சுமையில் பெரும்பங்கைக் கட்டைவிரலும் அதற்குப் பின்னுள்ள முதல் பாத எலும்பும் தாங்க வேண்டும். அந்த எலும்பு உட்புறமாக விலகி, விரல் வெளிப்புறமாகச் சாயும் 'ஹாலக்ஸ் வால்கஸ்' நிலையில், சுமை இரண்டாம், மூன்றாம் எலும்புகளின் தலைப்பகுதிக்கு மாறிவிடுகிறது. காய்ப்பு அதன் அடையாளம். ஆகவே புடைப்பை மட்டும் செதுக்கினால் பாதத்தின் தோற்றம் மாறலாம், வலி தீராது.

அதே இடத்தில் வலியைத் தரும் மயிரிழை முறிவு, விரலிடை நரம்பு வீக்கம், முடக்குவாதம் போன்றவை இல்லை என்பதையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையில் எடுத்த படம் சாய்வைக் குறைத்துக் காட்டக்கூடும்.

உங்களிடம் சொல்லப்பட்ட இந்தச் சிறுதுளை அறுவைச் சிகிச்சைக்கு லேசர் தேவையில்லை. சில மில்லிமீட்டர் அளவுள்ள துளைகள் வழியாக, மெதுவாகச் சுழலும் சிறு துரப்பணத்தைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே முதல் எலும்பை வெட்டி, அதன் தலைப்பகுதியை நகர்த்தித் திருகாணிகளால் பொருத்துவார்கள். தேவைப்பட்டால் இரண்டாவது முதல் நான்காவது வரையிலான பாத எலும்புகளின் கழுத்தையும், அதாவது தலைப்பகுதிக்குச் சற்றுப் பின்னுள்ள இடத்தையும், வெட்டுவதுண்டு. அவற்றுக்குத் திருகாணி போடுவதில்லை. நீங்கள் ஊன்றி நடக்க நடக்க, அவை சுமையைப் பகிரும் மட்டத்தில் தாமாக அமர்ந்துகொள்ளும். இந்தப் பகுதி எல்லோருக்கும் தேவைப்படாது என்பதால், உங்களுக்கு அது ஏன் தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தழும்பு சிறியது, முதல் சில வாரங்களின் வலியும் குறைவு என்பது உண்மை. மறுநாள் நடக்கலாம் என்பதும் உண்மைதான், ஆனால் தட்டையான கடினமான அடிப்பகுதி கொண்ட தனிக் காலணியுடன், ஏறக்குறைய ஆறு வாரங்களுக்கு. துளை சிறியது என்பதற்காக எலும்பு விரைவில் கூடிவிடாது. வீக்கம் வடிய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம் என்பதால் மெட்டியை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையையும் சில வாரங்கள் தவிர்க்க வேண்டியிருக்கும். மரத்துப்போதல், துரப்பணச் சூட்டால் தோல் புண்ணாதல், எலும்பு கூடத் தாமதமாதல், சாய்வு திரும்ப வருதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகள். முதல் எலும்பு மிகவும் குட்டையாகிவிட்டால் உங்கள் இப்போதைய வலியே கூடிவிடும். சாய்வு மிக அதிகமாக இருந்தாலோ, முதல் பாத எலும்பு நடுப்பாதத்தோடு சேரும் மூட்டு தளர்ந்திருந்தாலோ வழக்கமான திறந்த அறுவையே ஏற்றதாக இருக்கலாம்.

சர்க்கரை நோயாளி என்பதால் இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, பாதத்தின் இரத்த ஓட்டம், தொடு உணர்வு ஆகிய மூன்றையும் பார்க்காமல் தேதி குறிக்காதீர்கள். உணர்வு குறைந்த பாதத்தில் எலும்பு விலகினாலும் வலி தெரியாது.

அவசரம் இல்லாததால், முதலில் மூன்று மாதம் வேறு வழியில் முயலுங்கள் என்பதே என் கருத்து. விரல் பகுதி அகன்ற காலணி, வீட்டுத் தரையிலும் மெத்தென்ற செருப்பு, கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, வலிக்கும் இடத்தின் மேல் அல்லாமல் அதற்குச் சற்றுப் பின்னால் அமையும் மெத்தைத் திண்டு ஆகியவை பலருக்குப் போதிய நிவாரணம் தருகின்றன. விரலிடையில் செருகும் சிலிக்கான் துண்டுகள் எலும்பை நிமிர்த்துவதில்லை. காய்ப்பை நீங்களே பிளேடால் சீவுவதும், கால் ஆணிக்கான அமிலப் பிளாஸ்திரி ஒட்டுவதும் கூடாது. அந்த இடம் கறுத்தாலோ, சிவந்து நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.