எந்தச் சந்து யாருக்குப் போட்டது?

அன்புள்ள அண்ணாச்சி,

ஓட்டு எண்ணிய மறுநாள் எங்கள் சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இரண்டு கடைகளை உடைத்துவிட்டார்கள். அடுத்த தேர்தலுக்கு ஊருக்குப் போயிரலாம் என்கிறாள் அம்மா. போலீசை அதிகமாகப் போட்டால் நிற்காதா? முன்பெல்லாம் மும்பை இப்படி இல்லையாமே?

செ., தாராவி

அன்புள்ள செ.,

முன்பெல்லாம் என்று யார் சொன்னது? 1970 ஜூனில் பரேல் பக்கத்து கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ணா தேசாயைக் கொன்றார்கள். இடைத்தேர்தலில் நின்ற அவர் மனைவி சரோஜினி தோற்றார்.

போலீஸ், சாராயக் கடையை அடைக்கும் டிரை டே, லைசென்ஸ் துப்பாக்கியை வாங்கி வைப்பது எல்லாம் வேண்டியதுதான். எண்ணிக்கை முடிந்ததும் அதெல்லாம் மூட்டை கட்டிவிடும். உங்கள் கடைகளை உடைத்தது அதற்கப்புறம் அல்லவா? உங்கள் சால் யாருக்குப் போட்டது என்று உடைத்தவனுக்கு எப்படித் தெரிந்தது, தம்பி?

ஒரு வாக்குச்சாவடிக்கு ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. அதன் கணக்கு தனியாக, படிவம் 20 என்னும் முடிவுத் தாளில் வெளியாகிறது. என் ஓட்டு ரகசியம், என் சந்தின் ஓட்டு ஊருக்கே தெரியும். மின்னணு இயந்திரம் வந்த புதிதில் ஒரு கட்சிக்காரர் அந்தக் கணக்கோடு அப்பாவின் டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் தாளை விரித்து, எங்கள் சாவடி வரியில் விரலை வைத்து, "இவ்வளவுதானா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த மழைக்கு அடைத்த சாக்கடையை எடுக்க ஆள் வரவில்லை. அதன்பின் அப்பா, யார் ஜெயிப்பார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் ஓட்டுப் போடப் போவார்.

டோட்டலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. 14 சாவடி இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-இல் சட்ட ஆணையமும் தன் 255-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒப்பவில்லை. சாவடிவாரியாகத் தெரிந்தால்தான் எங்கே வேலை செய்யவேண்டும் என்பது கட்சிகளுக்குப் புரியுமாம். எங்கள் சாக்கடைக்குச் செய்த வேலை போதாதா? கள்ளவோட்டைப் பிடிக்கச் சாவடிக் கணக்கு வேண்டும் என்பது மட்டும் நியாயமான வாதம். அதை ஆணையம் பூட்டி வைக்கட்டும், நீதிமன்றம் கேட்டால் திறக்கட்டும். காகித வாக்குச்சீட்டுக்கே, மிரட்டல் உள்ள இடங்களில் கலந்து எண்ண விதி வைத்திருந்தார்களே!

அம்மா பயப்படுவதில் தப்பில்லை, அவர்களிடம் கோபப்படாதீர்கள். உங்களிடம்தான் எனக்குக் கோபம். கடைக்காரர்கள் எஃப்.ஐ.ஆர். போட்டார்களா என்று ஒரு வரி இல்லை. எனக்கு எழுதத் தெரிந்தவருக்கு ஸ்டேஷனில் அரைப் பக்கம் எழுதிக்கொடுக்க முடியாதா? இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகவேண்டாம்.