குடியை நிறுத்திய பிறகு ஏன் இவ்வளவு கோபம்?

கேள்வி: என் கணவர் குட்டி யானை ஓட்டுகிறார். மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைகளுக்கு லோடு அடிப்பார். ஒன்பது ஆண்டுகள் குடித்தவர், மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஐந்து மாதங்களாகத் தொடவில்லை. ஆனால் குடித்த நாள்களில் இல்லாத கோபம் இப்போது வருகிறது. ரேஷன் கார்டு தேடியபோது பீரோவிலிருந்து பழைய அடகுச் சீட்டு விழுந்தது. நான் பேசாமல் எடுத்து வைத்ததற்கே கத்தினார். கடைக்குப் போய் வந்தவரிடம் என் தம்பி மீதிச் சில்லறையை எண்ணி வாங்கினான்; இரவெல்லாம் சண்டை. போன வாரம் எட்டு வயது மகள், “அப்பா, என் கொலுசு எங்கே?” என்றாள், களித் தட்டைச் சுவரில் விட்டெறிந்தார். மறுபடி ஆரம்பித்துவிட்டாரோ என்று தினமும் பக்கத்தில் போய் வாடை பார்க்கிறேன். இதற்குக் குடித்துக்கொண்டே இருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றுகிறது. பிள்ளைகளோடு போச்சம்பள்ளியில் அம்மா வீட்டுக்குப் போய்விடவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: சகோதரி, நீங்கள் எழுதியிருப்பது கோபத்தைப் பற்றித்தான் என்றாலும், மூன்று நிகழ்ச்சிகளிலும் கோபத்துக்குச் சற்று முன்னால் ஒரு பொருள் வந்து நிற்கிறது: அடகுச் சீட்டு, சில்லறை, கொலுசு. மூன்றும் அந்த ஒன்பது ஆண்டுகளுக்குச் சாட்சிகள். மகள் அவரைக் குற்றம் சாட்டவில்லை, கொலுசைத்தான் தேடினாள். ஆனால் அது போன வழியை ஒரு தகப்பன் எட்டு வயதுக் குழந்தையிடம் எந்த முகத்தோடு சொல்வார்? சொல்ல வாய் வராததால் தட்டு பறந்திருக்கிறது.

குடிப்பவரை விட்டு நாணம் என்னும் நல்லாள் முதுகைக் காட்டிப் போய்விடுவாள் என்கிறது, கள்ளுண்ணாமை அதிகாரத்தின் 924ஆம் குறள். போனவள் திரும்பி வருவதைப் பற்றி அங்கே பேச்சில்லை. குடியை விட்டவர்களின் வீடுகளில் நடப்பது அதுதான். விட்டுப்போன காலத்தின் கணக்கு முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறாள். குடித்த நாள்களில் இந்தக் கோபம் இல்லை என்கிறீர்களே, அப்போது அந்த மூட்டையை அவிழ்க்க விடாமல் மது அவரை மரத்துப்போக வைத்திருந்தது. அந்த நாள்களே மேல் என்று உங்களுக்குத் தோன்றியதில் குற்றமில்லை. களைத்துப்போன மனைவியர் பலருக்கும் தோன்றுவதுதான்.

‘நான் தவறு செய்தேன்’ என்னும் குற்ற உணர்வு ஒருவரை மன்னிப்புக் கேட்கவும் ஈடு செய்யவும் தூண்டும். ‘நானே கேவலமானவன்’ என்னும் அவமான உணர்வுக்கு அந்த வழி எளிதில் புலப்படுவதில்லை. ஒளிந்துகொள்ளத் தோன்றும், அல்லது பார்த்தவர் மீது பாயத் தோன்றும். அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971இல் வெளியிட்ட நூலில், அவமானம் ஆத்திரமாக மாறும் இந்தப் போக்கை விரிவாக எழுதினார். ஆண்பிள்ளை அழுதால் இளக்காரம், கத்தினால் கௌரவம் என்று பழகிய நம் ஊரில் அது இன்னும் எளிதாக நடக்கிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் மனத்தின் மேல் போட்டுவிட வேண்டாம். குடியை நிறுத்திய பின் பல மாதங்கள்வரை தூக்கக் குறைவும் எரிச்சலும் நீடிக்கலாம். அவர் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இடையில் பேசத் துணை வேண்டுமானால் 14416 என்ற டெலி-மானஸ் எண் (அரசின் மனநல உதவி எண்) உண்டு, கட்டணம் கிடையாது.

வாடை பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஒவ்வொரு மாலையும் அது அவரிடம் ‘நீ இன்னும் அதே ஆள்தான்’ என்று சொல்கிறது. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால், காலையில் உங்கள் கண்முன் அவர் அதைப் போட்டுக்கொள்ளட்டும். அதோடு அன்றைய விசாரணை முடிந்தது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம். (அதைத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலையே வேண்டாம். அறியாமல் அதன் மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.)

கோபம் ஏறியிருக்கும்போது எதையும் விளக்க முயலாதீர்கள். மறுநாள் காலை, ‘ஏன் கத்தினீர்கள்’ என்று கேட்பதற்குப் பதிலாக, “பாப்பா கொலுசைக் கேட்டதும் உங்களுக்குத் தாங்க முடியலைங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை சும்மா இருங்கள். ஒன்பது ஆண்டுக் கணக்கையும் இப்போதே கேட்க வேண்டாம். குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும், 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளில், யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியலிடுவது எட்டாவது படி, ஈடு செய்வது ஒன்பதாவது. இப்போதைக்கு ஒரு கொலுசு போதும். நகை ஏலத்துக்குப் போகாமல் இருந்தால், சீட்டை பீரோவில் செருகாமல் அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த லோடு பணத்தில் வட்டியையாவது அவரே போய்க் கட்டட்டும். மகளிடமும் அவரே, “உன் கொலுசை அடகு வைத்துவிட்டேன், நீ கேட்டதில் தப்பே இல்லை” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், தட்டு பறந்ததற்குத் தன் கேள்விதான் காரணம் என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. அவமானம் கோபத்துக்குக் காரணமாக இருக்கலாம், அனுமதியாகிவிடாது. அவர் கை உங்கள் மீதோ பிள்ளைகள் மீதோ விழுந்தாலும், விழுந்துவிடும் என்று நீங்கள் பயந்தாலும், யாரிடமும் சொல்லிக்கொள்ளக் காத்திராமல் போச்சம்பள்ளிக்குப் போய்விடுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் அழையுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டுமல்லாமல் வசையையும் மிரட்டலையும்கூட வன்முறை என்றே கருதுகிறது. அப்படியில்லாமல் நான்கு நாள் ஓய்வுதான் வேண்டும் என்றால், அதற்கும் தாராளமாகப் போகலாம். ஆனால் அவர் லோடு ஏற்றப் போன நேரம் பார்த்துக் கிளம்பாமல், திரும்பி வரும் நாளையும் சொல்லிவிட்டுப் போங்கள்.