திறந்து பார்க்கும் புத்தகத்தைக் குழந்தை கிழிக்கிறாள் – என் பதில்

வணக்கம்ங்க. உங்கள் நாலு வயது மகள் உடலுறுப்புகள் பற்றிய புத்தகத்தில் படத்தின் மேல் ஒட்டியிருக்கும், திறந்து பார்க்கும் காகிதக் கதவுகளை எல்லாம் பிய்த்துவிடுகிறாள், பேசாமல் டேப்லெட் செயலிக்கு மாறிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாறாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்ற அவசரத்தில்தான் கிழிக்கிறாள். கெட்டி அட்டையில், பக்கத்துக்கு இரண்டு மூன்று பெரிய கதவுகள் மட்டும் உள்ள புத்தகமாகப் பாருங்கள். இப்போது இருப்பதில், கதவு மடங்கும் இடத்தில் முன்னும் பின்னும் செலோடேப் ஒட்டினால் தாங்கும்.

அதைவிட முக்கியம், திறப்பதற்கு முன் ஒரு கேள்வி. "காலையில சாப்பிட்ட இட்லி இப்ப எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் ஏதாவது சொல்லும்வரை காத்திருங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். கதவைத் திறந்து அவளே பார்க்கட்டும். பல செயலிகளில் தொட்டவுடன் பாட்டும் வெளிச்சமும் வந்துவிடும், குழந்தை ஊகிக்க இடமே இருக்காது.

தமிழில் வேண்டுமென்றால், குழந்தைகள் புத்தகம் வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் அறிவியல் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தரவிறக்கி அச்செடுத்து, படத்தின் மேல் பழைய காலண்டர் அட்டையில் நீங்களே கதவு வெட்டி ஒட்டலாம். எனக்கு இன்னும் பிடித்தது பச்சைப்பயறு புத்தகம். இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டினால் ஓரிரு நாளில் முளைவிடும். அன்றன்றைக்குப் பார்த்ததை அவளே வரையட்டும், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதவு வையுங்கள். அதைக் கிழித்தாலும் கவலையில்லை, இன்னொரு கைப்பிடி பயறு போதும்.