சளி மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் ஒரே வேளையில் கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: 68 வயதான அம்மாவுக்கு நெஞ்சுச்சளி. வீட்டருகே உள்ள கிளினிக்கில் அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை நாளுக்கு இரு வேளையும், தண்ணீரில் நுரைத்துக் கரையும் 600 மில்லிகிராம் அசிட்டில்சிஸ்டீன் என்ற சளி மாத்திரை ஒரு வேளையும் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நேற்றிரவு சேர்த்தே கொடுத்துவிட்டேன், என்ன செய்வது?

நேற்றிரவு நடந்ததை எண்ணிக் கலங்க வேண்டாம். ஈடுகட்டுவதாக நினைத்து இன்னொரு மாத்திரை கொடுக்கவும் வேண்டாம். அந்த அக்கா சொன்னது முற்றிலும் ஆதாரமற்றதல்ல, ஆனால் மிகைப்படுத்தப்பட்டது.

சளி கெட்டியாக இருப்பதற்கு அதிலுள்ள புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளும் ஒரு காரணம். அசிட்டில்சிஸ்டீன் தன்னிடமுள்ள கந்தகத்தைக் கொண்டு அப்பிணைப்புகளை அறுத்துச் சளியை இளக்குகிறது. (மாத்திரை கரையும்போது வரும் முட்டை வாடையும் அதனால்தான், மருந்து கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்.) ஆய்வகத்தில் நேரடியாகக் கலந்து பார்த்தபோது, இதே மருந்து சில ஆன்டிபயாடிக்குகளின் வீரியத்தைக் குறைத்தது. சோதனைக் குழாயில் கண்டது வயிற்றிலும் அப்படியே நிகழும் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் வாய்வழி ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் இடையே 2 மணி நேரமாவது விடச் சொல்வது வழக்கம். காசு செலவில்லாத முன்னெச்சரிக்கை என்பதால் நானும் அதையே சொல்வேன்.

ஆகவே ஆன்டிபயாடிக்கைக் காலை உணவோடும் இரவு உணவோடும் கொடுங்கள். உணவோடு சேரும்போது வயிற்றுக் குமட்டலும் குறையும். நுரைக்கும் மாத்திரையைப் பிற்பகல் 3 மணிவாக்கில் கொடுத்தால், இளகிய சளியை அம்மா படுக்கப்போகும் முன்பே இருமித் துப்பிவிடலாம். அந்தக் குவளையில் வேறெந்த மருந்தையும் போட்டுக் கரைக்கக் கூடாது.

சளிக்குக் கொடுக்கப்பட்டது புரோம்ஹெக்சின் என்ற இன்னொரு சளியிளக்கி மருந்தாக இருந்திருந்தால் இந்த இடைவெளியே தேவைப்பட்டிருக்காது. அது அமாக்சிசிலின் போன்ற மருந்துகள் நுரையீரல் சளிக்குள் கூடுதலாகச் சேர உதவுகிறது. நம் பாட்டிமார் கஷாயம் வைத்த ஆடாதோடை இலையின் வேதிப்பொருளை அடியொற்றி உருவான மருந்து அது என்பது பலருக்குத் தெரியாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. சளியை இளக்கும் மருந்து கொடுக்கும் அதே நாளில், வீட்டில் மீந்திருக்கும் கோடீன் அல்லது டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்த இருமல் மருந்தையும் பலர் ஊற்றிக் கொடுக்கிறார்கள். இளகிய சளி வெளியேற இருமல் வேண்டும். அதை அடக்கினால் சளி உள்ளேயே தேங்கும், முதியவர்களுக்கு இது ஆபத்து.

நுரைக்கும் மாத்திரையில் சோடியம் இருப்பதால், இரத்த அழுத்தத்துக்காக அம்மா உப்பைக் குறைத்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்துமா, குடல்புண் இருந்தாலும், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுத்தாலும் அப்படியே. பிறகு ஆன்டிபயாடிக்கைக் கிளாரித்ரோமைசினாக மாற்றினால், பலதுறை மருந்தகத்தில் வாங்கும் சிம்வாஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைப்பது), வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுப்பது) ஆகியவற்றைக் கட்டாயம் காட்டுங்கள். அந்த மருந்துகளோடு கிளாரித்ரோமைசினுக்கு உள்ள மோதல் உண்மையிலேயே பெரியது. தடிப்போடு முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.