தீபாவளிக்குப் பிறகு வகுப்புக்கு ஆள் வருவதில்லை

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சர்க்கரை 'பார்டரில்' இருப்பவர்களுக்காக ஜூலையில் வாராந்திர வகுப்பு தொடங்கினோம். காலை 6.30 மணிக்கு எடை பார்த்து நோட்டில் எழுதுவோம். பிறகு நடை, உணவு ஆலோசனை. 32 பேர் சேர்ந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு 11 பேர்தான் வருகிறார்கள். என்ன செய்யலாம்? – ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: முழங்கால் வலி என்றால் கூப்பிடாமலே வருவார்கள். பார்டர் சர்க்கரைக்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. 'பார்டர்' என்று நாங்கள் சொல்வது அவர்கள் காதில் 'இன்னும் வரவில்லை' என்றுதான் விழுகிறது. அதனால் பாதியில் நிற்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த எடை நோட்டு. பண்டிகைக்கு நாலு அதிரசம் சாப்பிட்டவர், அடுத்த வாரமே எல்லோர் முன்னாலும் எடை மெஷினில் ஏறுவாரா? அந்த வாரம் வரமாட்டார். மறுவாரம், 'போன வாரம் ஏன் வரலை?' என்று கேட்பார்களே என்று தயங்குவார். அதோடு நின்றுவிடுவார். நோட்டை உள்ளறைக்கு மாற்றுங்கள். விரும்புகிறவர் மட்டும் பார்க்கட்டும்.

எடை குறையாவிட்டால் பயனே இல்லை என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2002-இல் வெளியான பெரிய ஆய்வில் 7 சதவீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்கு. நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. ஆனால் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, நடைப் பழக்கங்களை மாற்றியவர்களுக்குச் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இதை உங்கள் வகுப்பில் முதலில் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

அடுத்தது போன். வராதவரை அந்த வாரத்திலேயே, கூட நடக்கும் ஒருவர் கூப்பிடட்டும். எடையையோ சர்க்கரையையோ கேட்க வேண்டாம். 'சனிக்கிழமை வர்றீங்களா, சேர்ந்து போகலாம்' போதும். அதே குழு 537 ஆண்களிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், இரண்டு ஆண்டுகள் செல்போனில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, பெறாதவர்களில் 27. வாட்ஸ்அப்பில் தினம் 'காலை வணக்கம்' படம் அனுப்புவது இந்தக் கணக்கில் சேராது! 'இன்று சாதத்தை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலைக் கூட்டுங்கள்' என்பதுபோல் செய்யக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும்.

காலை 6.30 மணிக்குப் பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டும் பெண்கள் எப்படி வருவார்கள்? மாலையிலும் ஒரு வகுப்பு வையுங்கள். ஆண்கள் வந்தால், வீட்டில் சமைப்பவரையும் அழைத்துவரச் சொல்லுங்கள்.

வகுப்புக்கு வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஹெச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் வந்தவர் மருத்துவரைப் பார்க்காமல் வகுப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.